வள்ளுவர் பேசாத பதினோரு நாட்கள்

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் வள்ளுவர் பேச ஆரம்பித்துவிடுவார். குறள் அல்ல. முதலில் செய்தித் தலைப்புகள், அடுத்து வைகை அணையின் நீர்மட்டம், கடைசியில் தங்கம் விலை. 82 வயதான என் அப்பா முதுகை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து, கீ போர்டில் விரல்களை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். வைகைப் பாசனம் பார்த்து வளர்ந்த ராமநாதபுரத்துக்காரர். ஊரைவிட்டு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், 71 அடி வரை நீர் தேக்கும் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று தெரியாமல் அவருக்குக் காப்பி இறங்காது.

2025 ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அந்தக் குரல் வரவில்லை.

“தம்பி, வள்ளுவர் வாயை மூடிக்கிட்டாருப்பா. என்னன்னு பாரு” என்றார் அப்பா. குரலில் கவலை இல்லை. நானும் கவலைப்படவில்லை. ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கும் என்று நினைத்தேன். அந்த மௌனம் பதினோரு நாள் நீடிக்கும் என்று தெரிந்திருந்தால் அன்று அலுவலகத்துக்குப் போயிருக்க மாட்டேன்.

நாங்கள் இருப்பது கேம்பல் பே. நிக்கோபார் தீவுகளிலேயே பெரிதும் தெற்குக் கோடியில் இருப்பதுமான கிரேட் நிக்கோபாரின் கிழக்குக் கரை ஊர். 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரம்தான் எங்கள் தலைநகரம். இடையிலுள்ள தீவுகளைத் தொட்டுக்கொண்டு போகும் கப்பலில் அங்கே போய்ச்சேர இரண்டு நாள் ஆகும், மூன்றும் ஆகும். நோட்டுப் புத்தகமானாலும் நோயாளியானாலும் கடல் மனசு வைத்தால்தான் பயணம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் எங்களுக்குச் சென்னையைவிடச் சிங்கப்பூர்தான் பக்கம். ஆனால் எங்கள் சாமான்கள் எல்லாம் தூரத்து வழியாகத்தான் வரவேண்டும்.

1969 முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை நிலம் கொடுத்து இந்தத் தீவில் குடியேற்றியது மத்திய அரசு. பஞ்சாபிகள், மராத்தியர்கள், மலையாளிகள், தெலுங்கர்கள், தமிழர்கள் என்று ஒரு குட்டி இந்தியாவே காட்டை வெட்டிக் கழனியாக்கியது. சீனப் போர் நடந்த 1962ல் ராணுவத்தின் சிக்னல்ஸ் படையில் சேர்ந்த அப்பா, பதினைந்து ஆண்டு வயர்லெஸ்ஸும் டெலிபிரிண்டருமாகக் கழித்துவிட்டு, 1978ல் அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைத் தின்னும் நோய் அவருக்கு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. கிளாக்கோமா வலிக்காது, சொல்லாது. ஓரங்களிலிருந்து மெதுவாக இருட்டிக்கொண்டு வரும். இழந்த பார்வையை மீட்க மருந்தும் இல்லை. 2012ல் அப்பாவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

அவருக்கு உலகத்தைத் திருப்பிக் கொடுத்தவை இரண்டு. ஒன்று, பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கர்ரனும் ஜேம்ஸ் டேயும், தங்களைப் போன்றவர்களுக்காக உருவாக்கி இலவசமாகக் கொடுத்துவரும் என்விடிஏ என்ற மென்பொருள். 2006ல் தொடங்கிய வேலை அது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும், விரல் அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் உச்சரிக்கும். இன்னொன்று, விண்டோஸில் கிடைக்கும் தமிழ்க் குரல். அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர்தான் வள்ளுவர். டெலிபிரிண்டரில் பழகிய விரல்களுக்குக் கீ போர்டு புதிதல்ல. எஃப், ஜே எழுத்துகளின் மேலுள்ள சிறு மேட்டைத் தடவி இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார். மொபைல் போன் மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. “வழவழன்னு கண்ணாடி. விரலுக்கு ஒண்ணும் அகப்பட மாட்டேங்குது” என்று தள்ளிவைத்துவிட்டார்.

2020 ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர். அதுவரை சாட்டிலைட்டை நம்பி நகர்ந்த எங்கள் இண்டர்நெட்டுக்கு உயிர் வந்தது. நாள் கழித்து வரும் பேப்பரை யாராவது படித்துக் காட்டக் காத்திருந்த மனிதர், அன்றைய பேப்பரை அன்றே தானே ‘படிக்க’ ஆரம்பித்தார்.

ஆக, கம்ப்யூட்டரில் சத்தம் போனால் என் மகளுக்குச் சினிமாப் பாட்டு போகும். அப்பாவுக்குக் கம்ப்யூட்டரே போய்விடும். அவருடைய திரை ஸ்பீக்கர்தான்.

அன்று மாலை வந்து ஒயரைக் கழற்றி மாட்டினேன். வால்யூமை ஏற்றினேன். ஊஹும். விண்டோஸைத் திட்டினேன். இரண்டு மணி நேரம் கண்டதையும் அழுத்திக்கொண்டிருந்த என்னை அப்பா நிறுத்தினார்.

“குருட்டாம்போக்குல தேடாதே. நாங்க லைன்ல ஃபால்ட் தேடினா, பத்து மைலையும் நடக்க மாட்டோம். நடுவுல ஒரு இடத்துல வெட்டிப் பார்ப்போம். இந்தப் பக்கம் பேசுதா, அந்தப் பக்கம் பேசுதா? பேசாத பாதியை மறுபடி ரெண்டா வெட்டணும்.”

கம்ப்யூட்டரில் சத்தம் வரும் வழியும் ஒரு லைன்தான். விண்டோஸ், அதன் கட்டளையைச் சிப்புக்குப் புரியவைக்கும் டிரைவர், எண்களை மின் அலையாக மாற்றும் சிப், பின்பக்கத்துப் பச்சைத் துளை, ஒயர், ஸ்பீக்கர். பச்சைத் துளையில் வெட்டினோம். ஸ்பீக்கர் ஒயரை அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரின் இயர்போன் துளையில் செருகியதும் ரேடியோவில் இந்திச் செய்தி முழங்கியது. ஒயரும் ஸ்பீக்கரும் நிரபராதிகள்.

மிச்சமிருந்த பாதியில் விண்டோஸைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அலுவலக நண்பர் ஒருவர் பென் டிரைவில் லினக்ஸ் வைத்திருந்தார். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பலாம். அதிலும் மௌனம். ஆக, விண்டோஸும் டிரைவரும்கூடத் தப்பித்தன. டிவைஸ் மேனேஜர் பட்டியலைப் பார்த்தால் மானிட்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ ஒலி மட்டும் இருந்தது. எங்கள் மானிட்டருக்கு ஸ்பீக்கரே கிடையாது. மதர்போர்டின் சொந்த ஒலிச் சாதனம் பட்டியலிலேயே இல்லை.

இன்னும் மூன்று காரியம் பாக்கியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மாட்டினோம். சில சமயம் மயக்கமடைந்த சிப் இதிலேயே எழுந்துவிடும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் பயாஸ் அமைப்பில் ஒலியை அணைத்துப் போட்டோம். முன்பக்க ஹெட்போன் துளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் சின்னக் கேபிளைக் கழற்றிப் பார்த்தோம். அந்தத் துளைக்குள் ஒரு நுண்ணிய சுவிட்ச் உண்டு. உப்புப் படிந்து அது ஒட்டிக்கொண்டால் ஹெட்போன் செருகியிருப்பதாக எண்ணிப் பின்பக்க ஸ்பீக்கரைக் கம்ப்யூட்டர் ஊமையாக்கிவிடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மதர்போர்டைச் சந்தேகிக்கும் முன்பு இந்தக் கேபிளைச் சந்தேகிப்பது நல்லது. எங்கள் விஷயத்தில் அதுவும் இல்லை.

மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது பதில் தெரிந்தது. மதர்போர்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிப். 48 கால்கள். காலுக்கும் காலுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர். அதில் ஒரு பக்கத்துக் கால்களில் பழைய செப்புக் குடத்தில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிபடும். பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போன உயிர் திரும்பவில்லை.

தலைநகரத்துக் கடை ஒன்றுக்குப் போன் போட்டேன்.

“ஆன்போர்டு சவுண்டு போயிடுச்சா? மதர்போர்டையே மாத்தணும் சார். ஆனா உங்க மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல. புது போர்டு போட்டா புராசசர், ரேம் எல்லாம் புதுசா போடணும். பேசாம புது கம்ப்யூட்டரே வாங்கிடுங்களேன். கப்பல்ல ஏத்தி விடறோம்.”

நகம் அளவு சிப்புக்காக ஒரு முழு கம்ப்யூட்டர்! எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். 1981ல் ஐபிஎம் கொண்டுவந்த பர்சனல் கம்ப்யூட்டரால் ‘பீப்’ என்று கத்த மட்டுமே முடிந்தது. 1989ல் சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ என்பவரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்டு பிளாஸ்டர் என்ற அட்டையைக் கொண்டுவந்த பிறகு கம்ப்யூட்டர் பாட ஆரம்பித்தது. அது தனி அட்டை. கெட்டுப்போனால் ஒரு ஸ்குரூவைக் கழற்றி வேறொன்று செருகலாம். 1997 வாக்கில் இண்டெல் வகுத்த விதிமுறைக்குப் பிறகு ஒலிச் சிப் மெல்ல மதர்போர்டுக்கே குடிபெயர்ந்தது. விலை குறைந்தது, இடம் மிச்சமாயிற்று, அதற்கென்று தனியாகக் காசு கொடுக்கும் வழக்கமே மறந்துபோயிற்று. உள்ளேயே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. கெட்டால் அதைத் தனியாகப் பிடுங்கவும் முடிவதில்லை.

அந்த நாட்களில் தினமும் காலையில் நானே பேப்பர் படித்தேன். மூன்றாவது நாள் அப்பா சொன்னார்: “நீ உனக்குப் பிடிச்சதைத்தான் படிக்கிற.” உண்மைதான். தலைப்பைப் பார்த்து நானே தள்ளிக்கொண்டு போனேன். நான் எதைத் தள்ளினேன் என்பதுகூட அவருக்குத் தெரியாது. இயந்திரத்தோடு இருந்தபோது எதைக் கேட்பது, எதை விடுவது, எதை இரண்டாம் முறை கேட்பது என்பது அவர் விரலில் இருந்தது. இப்போது அது என் அவசரத்தில் இருந்தது. ஐந்தாவது நாள், “உனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு” என்று அவரே நிறுத்திவிட்டார். அதன் பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவில்லை. வாசலில் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொரு வேலையும் நின்றுபோயிருந்தது. குடியேறியவர்களின் கதையை அப்பா எழுதி வந்தார். எந்தக் கப்பலில் யார் வந்தார்கள், முதல் தென்னையை யார் வைத்தார்கள், முதல் அறுவடை எப்போது என்று எழுபது பக்கத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒலி போனபோது அவர் 2004 டிசம்பரில் இருந்தார். எழுதிய கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். ஆரம்பித்தேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியதிலிருந்து தொடங்கிப் பெயர்கள் வரிசையாக வந்தன. பஞ்சாபிப் பெயர், மராத்திப் பெயர், அடுத்த வீட்டுத் தெலுங்குக் குடும்பம். நான்காவது வரியில் என் அம்மாவின் பெயர். எனக்குக் குரல் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “சரி, விடு” என்றார்.

எட்டாவது நாள் சாப்பிடும்போது அவராகவே அந்த டிசம்பரைப் பற்றிப் பேசினார். இந்தத் தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் இறங்கிவிட்டது, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் நிற்கிறது. தொலைபேசிகள் செத்துவிட்டன. அப்போது தற்செயலாகப் போர்ட் பிளேரில் ஒரு ஹாம் ரேடியோ குழு முகாமிட்டிருந்தது. பாரதி பிரசாத் என்ற டெல்லிப் பெண்மணி தலைமையில் அமெச்சூர் வயர்லெஸ் பரிசோதனைக்காக வந்தவர்கள். சுனாமி அடித்ததும் அவர்களுடைய செட்டுகள்தான் தீவுச் செய்திகளை வெளியுலகுக்குக் கடத்தின. எத்தனையோ குடும்பங்களுக்கு, ‘உங்கள் ஆள் உயிரோடு இருக்கிறார்’ என்ற தகவல் அந்த வழியாகத்தான் போய்ச்சேர்ந்தது.

“எக்ஸ்சேஞ்சு, டவர் எல்லாம் சுவத்துக்குள்ள பதிச்ச மாதிரி. இடம் போனா அதுவும் போச்சு. கையில தூக்கிட்டுப் போற செட்டுதான் அன்னிக்குப் பேசிச்சு” என்ற அப்பா, சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: “உள்ள இருக்கற செட்டு செத்துட்டா, வெளியிலேருந்து ஒரு செட்டைக் கொண்டுவந்து மாட்ட இதுல வழியே இல்லையா?”

இருந்தது. அதுதான் வெட்கக்கேடு. யுஎஸ்பி துளையில் செருகும் கட்டைவிரல் அளவு சவுண்டு கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்குள்ளேயே ஒரு தனிச் சிப் இருக்கிறது. மதர்போர்டின் ஒலிச் சிப் உயிரோடு இருந்தால் என்ன, செத்தால் என்ன, அதற்குக் கவலையில்லை. பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர்கூட வேண்டாம். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கெட்டதைச் சரிசெய்வது பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கெட்டதை விட்டுவிட்டுச் சுற்றிப் போவது பற்றி இருவருமே யோசிக்கவில்லை.

ஆர்டர் போட்டேன். கடல் கொந்தளிப்பாக இருந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கலத்தியா வளைகுடாவில் பெரிய சரக்குத் துறைமுகம் உள்ளிட்ட 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அது வரலாமா கூடாதா என்று நாடே விவாதிக்கிறது. நானோ முந்நூறு ரூபாய்ச் சாமானுக்காக ஜெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது நாள் இரவு, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய ஹெட்செட் ஒன்றைப் பாலிதீன் பையிலிருந்து எடுத்தாள். அதன் ஒயர் முனையில் வட்டப் பின் இல்லை. பென் டிரைவில் இருப்பது போலத் தட்டை முனை. யுஎஸ்பி! வெளியூர்க் கப்பலுக்குக் காத்திருந்த சாமான் எங்கள் வீட்டு அலமாரியிலேயே நாலு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“தாத்தா, தலையைக் காட்டுங்க” என்று மாட்டிவிட்டாள். முனையைச் செருகினேன். சில விநாடிகள். அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் மெல்ல உயர்ந்தது. வலது கை தானாகக் கீ போர்டுக்குப் போயிற்று.

வைகை அணைக்குத்தான் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. தன் கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஹெட்செட்டில் வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் உதடுகள் மட்டும் கூடவே அசைந்தன. நான்காவது வரி எப்போது வந்தது என்று எனக்குத் தெரிந்தது. உதடு நின்றது. மேல் அம்புக்குறியை அழுத்தி அந்த வரியை இன்னொரு முறை கேட்டார். பிறகு ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு சொன்னார்:

“இவனாலதான் இதைத் தடுமாறாமப் படிக்க முடியுது.”

இயந்திரக் குரலில் உணர்ச்சி இல்லை என்பது என் பழைய குறை. அதற்குப் பிறகு அந்தக் குறையை நான் சொல்வதில்லை.

கப்பல் பின்னால் வந்தது. சவுண்டு கார்டும் வந்தது. ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்றொன்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. டப்பா இருக்கும் இடம் அப்பாவுக்குத் தெரியும். எந்தத் துளையில் செருக வேண்டும் என்பதையும் தடவிப் பார்த்துப் பழகிக்கொண்டார். அடுத்த முறை அவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது. அன்றாடம் புழங்கும் மின்னணுச் சாதனங்கள் எல்லோரும் பயன்படுத்தத் தக்கவையாக இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் கம்ப்யூட்டர் விற்கும் கடையில், தரும் அலுவலகத்தில், பழுது பார்க்கும் மேஜையில் ஒலி இன்னமும் பாட்டுக் கேட்கும் வசதியாகவே கருதப்படுகிறது. மானிட்டர் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரை யாரும் விற்கமாட்டார்கள். பார்வையற்றவருக்குத் தரும் கம்ப்யூட்டரோடு சில நூறு ரூபாய் சவுண்டு கார்டு ஒன்றை மாற்று ஏற்பாடாகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன? கப்பல் போகாத ஊர்களிலும் பதினோரு நாள் என்பது நீண்ட காலம்தான்.

அப்பாவின் புத்தகம் 2004ஐத் தாண்டிவிட்டது. இப்போது தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த நாட்களை எழுதுகிறார். காலையில் ஆறு மணிக்கு வள்ளுவர் வழக்கம்போல் பேசுகிறார். செய்தி முடிந்ததும் வைகை அணைக்கு வருவார். நீர்மட்டம் ஏறியிருந்தால் அன்று அப்பா இரண்டாவது காப்பி கேட்பார்.